சத்திரக்காரர்

நவநீதகிருஷ்ணனின் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில், மேசையைச் சுற்றிக் கதை விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. நண்பர்கள் இருவரும் வீரர்கள். வழியில் எதிர்ப்படும் அத்தனை பேராகவும் அவர்தான் நடிக்க வேண்டும்.

"ராஜா லாரி ஆபீஸ் கிளார்க்காட்டம் பேசறாருங்க" என்று சிரித்தான் சிவபிரகாஷ்.

மந்திரியும் எடுபடவில்லை. கதைப்படி, வீரர்கள் அரண்மனையை விட்டுக் கொட்டும் மழையில் இறங்கினார்கள்.

நவநீதகிருஷ்ணன் சட்டென்று கைகூப்பினார். "போதுமுங்க சாமி. ஊட்டுக்கு ஆளுங்க வாராங்க. எடத்தக் காலி பண்ணுங்க."

"சத்திரக்காரர்!" என்று துள்ளினாள் சுகன்யா. "இப்பத்தானுங்க நடிப்புல உசுரு வந்திருக்குது!"

"இந்த மழைல எங்கீங்க போறது? தங்கிட்டுத்தான் போவோம்" என்று காலை நீட்டினான் சிவபிரகாஷ்.

"நெசமாத்தானுங்க சொல்றேன்!" அவர் குரல் உடைந்தது; கண்கூடக் கலங்கியது. இருவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வாசற்கதவு திறந்தது. வழியிலிருந்தே மெசேஜ் அனுப்பியிருந்த மனைவி மைதிலி நின்றாள். பின்னால், வாழப்பாடியிலிருந்து அவளோடு வந்த மாமனார்.

"காதுகுத்துக்கு வர லீவு கெடைக்கலன்னீங்களே, மாப்ளே?"

சுகன்யா மெல்லக் குனிந்து கேட்டாள். "அப்ப அந்தச் சத்திரக்காரருங்க?"

"கதைல சத்திரமே இல்லீங்க."