பின்னால் வந்த மஞ்சள் வேன்

பின்னால் வந்த மஞ்சள் வேன் மறுபடியும் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது. கூடவே நீளமாக ஒரு ஹாரன். ஐதால் பக்கக் கண்ணாடியில் பார்த்தான். விடமாட்டான் போலிருக்கிறதே இந்தத் தடியன்!

தப்பு ஐதால் மேல்தான். அல்தான் ஆற்றைக் கடக்க அத்தனை வண்டிகள் வரிசையில் நிற்க, இவன் பாட்டுக்குக் குறுக்கே புகுந்து முன்னால் போய் நின்றான். மஞ்சள் வேன்காரன் இறங்கி வந்து கண்ணாடியில் குத்தினான்.

"ஏய், நாங்கல்லாம் மனுசங்களாத் தெரியலையா உனக்கு?"

"அண்ணே, மன்னிச்சுக்கண்ணே. விடியக்காலையிலேயே பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சு. நர்சைக் கூட்டிட்டுப் போறேன்."

"இந்தக் கதையைத் தினமும் ஒருத்தன் சொல்றான். அக்கரைக்கு வா, பேசிக்கறேன்!"

பின்சீட்டிலிருந்து நர்ஸ் மர்ஃபா அக்கா சத்தம் போட்டாள். "சண்டை போட நேரம் பாத்தீங்களாடா? டேய் ஐதால், நான் ரெண்டு ராத்திரியாக் கண்ணு மூடலை. அக்கரையில ஏறினதும் போர்த்திட்டுப் படுத்துருவேன். வீடு வர்றதுக்குள்ள எழுப்பினே, தொலைச்சுருவேன்!"

ஆறு அப்போதுதான் உறைந்திருந்தது. புதுப் பனிக்கட்டி என்றால் ஆட்கள் எல்லாரும் இறங்கி நடந்துதான் போக வேண்டும். டிரைவர் மட்டும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நடை வேகத்தில் ஓட்டுவான். உடைந்தால் வெளியே குதிக்கத்தான்.

மர்ஃபா அக்கா மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்தாள். அன்றைக்கு மூடுபனி வேறு. தலையிலிருந்து கால் வரை எல்லாரும் கம்பளியும் தோலுமாக இருந்ததால், யார் ஆண், யார் பெண் என்றே தெரியவில்லை.

சக்கரத்துக்கடியில் பனிக்கட்டி படபடவென்று முறிகிற சத்தம் கேட்டது. ஐதால் பிரேக்கைத் தொடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டி, கரையேறிக் கதவைச் சாத்தினான்.

மஞ்சள் வேன் வந்துவிடுமோ என்று பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்கதவு திறந்தது. குளிருக்காக டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்த கம்பளித் திரையையும் மீறிக் காற்று பிடரியில் அடித்தது. ஏதோ முணுமுணுப்புக் கேட்டது. உடனே கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"ஏறியாச்சா அக்கா?"

பதில் இல்லை. சரி, கோபம் இன்னும் தணியவில்லை போலிருக்கிறது. இவன் வண்டியைக் கிளப்பினான்.

இப்போது அந்த வேன் நெருங்கி நெருங்கி வந்தது. ஐதால் வேகத்தைக் கூட்டினான். வழுக்கும் பாதையில் அப்படியா செய்வார்கள்? வண்டியின் பின்பாகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. காலை எடுத்துவிட்டு, அது இழுத்த பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பி, எப்படியோ நேராக்கினான்.

இரண்டு அடி வாங்குவதற்கு அவன் பயப்படவில்லை. நேரம் போய்விடுமே! வீட்டில் பொண்டாட்டி துயாராவுக்குத் துணையாக இருப்பவள் பக்கத்து வீட்டுக்காரி மட்டும்தான். அவளோ விரலில் ரத்தம் கண்டாலே மயங்கி விழுகிறவள். போன் செய்யலாமென்றால் இந்தப் பாதையில் டவரே கிடையாது.

வளைவு தாண்டியதும் சட்டென்று காட்டுக்குள் போகும் குறுகிய வண்டித் தடத்தில் வண்டியை விட்டு, விளக்கை அணைத்தான். இஞ்சினை அணைக்கவில்லை, அந்தக் குளிரில் அணைத்தால் அப்புறம் வசந்தகாலத்தில்தான் கிளம்பும். மஞ்சள் வேன் ஹாரன் அடித்துக்கொண்டே நேராகப் பறந்தது.

"போடா போ! நல்லாத் தேடு!" என்று சிரித்தான் ஐதால்.

சிரிப்பு அதோடு சரி. பின்னால் எடுக்கப் பார்த்தால் சக்கரம் பனியில் புதைந்து வெறுமனே சுற்றியது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினான். வெட்டினான், தள்ளினான், மரக்கிளை ஒடித்துச் சக்கரத்துக்கடியில் போட்டான். அக்கா விழித்துவிடுவாளோ என்று திட்டுவதைக்கூட மனசுக்குள்ளேயே திட்டிக்கொண்டான். வண்டி வெளியே வருவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. துயாராவை நினைத்து அழுகையே வந்துவிட்டது.

"ஒண்ணுமில்லக்கா, சின்னப் பள்ளம். நீங்க தூங்குங்க" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு மிதித்தான்.

வீட்டு வாசலுக்கு வந்தவன் அப்படியே வண்டியை நிறுத்தினான். வேலியோரம் அந்த மஞ்சள் வேன் நின்றிருந்தது. அடப்பாவி, வீடு வரைக்கும் வந்துவிட்டானே! பிள்ளை பெறக் கிடக்கிறவள் முன்னாலா சண்டை போடப் போகிறான்?

மண்வெட்டியை இறுக்கிப் பிடித்தபடி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தான். "அக்கா, எந்திரிங்க! நீங்க உள்ள ஓடுங்க, இவனை நான் பாத்துக்கறேன்!"

போர்வை மடித்தது மடித்தபடி இருந்தது. சீட்டில் ஆள் இல்லை.

ஐதால் போர்வையைத் தூக்கி உதறிப் பார்த்தான். அக்காவை ஆற்றங்கரையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான்! அப்போது கதவைத் திறந்தது வேறு யாரோ. வண்டி மாறிவிட்டதென்று முணுமுணுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"துயாரா!" மண்வெட்டி கையிலிருந்து நழுவியது. "ஐயோ, துயாரா! கெடுத்துட்டேனே! உன்னைக் கெடுத்துட்டேனே!"

வீட்டுக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. முழங்கை வரை சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு மர்ஃபா அக்கா நின்றாள்.

"கத்தாதடா, உம் பொண்ணு இப்பத்தான் தூங்குறா."