சல்லடை அணை

"அணைன்னா தண்ணி நிக்கணும்க்கா. உங்களுது சல்லடையால்ல இருக்கு!"

முத்தோகா சொன்னதும், மண்வெட்டியோடு நின்ற ஊரே சிரித்தது. கவின்யாவும் சேர்ந்து சிரித்தாள்.

அன்று வியாழன், ம்வெத்யா நாள். ஊரே ஒருவர் நிலத்தில் கூடி வேலை செய்யும். இந்த வாரம் கவின்யாவின் முறை. இரண்டு எருதுகளை வைத்து, மூன்று கோடை மண் இழுத்து, தனி மனுஷியாய் அவள் எழுப்பிய சொந்த அணை அது. ஆனால் கரையின் அடியில் எந்நேரமும் கசிவு. அதை அடைக்கத்தான் முத்தோகா ஒரு வண்டி புற்றுமண் கொண்டுவந்திருந்தான்.

அவளோ கசிவை ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"தெளிவாத்தான் வருது. கலங்கி வந்தாத்தான் கரைக்கு ஆபத்து. அதை விட்டுட்டு, தக்காளிக்குக் களை எடுங்க."

"பாதித் தோட்டம் காயுதே! ஊரே உதவ வந்திருக்கு, வேணாங்கறீங்க. இவ்வளவு திமிர் ஆகாதுக்கா."

"திமிர்னே வச்சுக்கோ. சோளமும் பீன்ஸும் வெந்தாச்சு, சாப்பிட்டுப் போ."

முத்தோகாவுக்குச் சுருக்கென்றது. அவன் கிணறு எப்பேர்ப்பட்டது! ஊர்க் கிணறெல்லாம் வறண்டாலும் அது வற்றாது. "எங்கப்பா பார்த்த இடம், கைராசி!" என்று வோட்டே சந்தையில் அவன் பேசாத நாளில்லை. தண்ணீரைப் பற்றி அவனுக்கே ஒருத்தி பாடம் எடுப்பதா?

மறுநாள் கவின்யா மகள் வீட்டுக்குப் புறப்பட்டாள். முத்தோகா தானே போய்ப் புற்றுமண்ணைக் குழைத்து, கசிவை இறுக அடைத்தான். ஒரு சொட்டு வரவில்லை. அவள் ஊர் திரும்பினால் தனக்கு நன்றி சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

ஒன்பதாம் நாள் அவன் கிணற்றில் வாளி சொத்தென்று சேற்றில் விழுந்தது.

ஆடுகள் கத்தின. முப்பது மாங்கன்றுகளும் வாடித் தொங்கின. கிணற்றை ஒட்டிய மணல் ஓடையோடு மேலே நடந்தான். ஓடையோரம் எப்போதும் பச்சையாக நிற்கும் புல் பழுத்துக் கிடந்தது. அந்தப் புல் போய் முடிந்த இடம், கவின்யாவின் கரை.

அன்று காலைதான் ஊர் திரும்பியிருந்தவள், புற்றுமண்ணைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா... இது உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"ஆறு வருஷமா தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என் கிணறு, என் கிணறுன்னு சந்தை பூரா பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே! உங்களுக்குக் கோபமே வரலையா?"

கவின்யா மண்வெட்டியை அவனிடம் நீட்டினாள்.

"எதுக்குத் தம்பி கோபம்? நீ பேசப் பேச எனக்கு உடம்பே பூரிச்சுப்போகும். அத்தனையும் என் அணையோட பெருமைதானே!"