குன்றுக்குப் பின்னால் ஒரு பீரங்கி

"லாரி கிளம்பிடுச்சாம் மாமா. இந்த மேசையை எப்பதான் காலி பண்ணப் போறீங்க?"

வாசலில் நின்றபடியே கேட்டான் மனைவியின் தம்பி.

அக்காவின் கணவனான அவன் எழுந்திருந்தான், பல் தேய்த்திருந்தான், பால் காய்ச்சிக் குடித்து ஒற்றைத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்தான். இப்போது பெயிண்ட் பிரஷ்ஷால் பொம்மைச் சிப்பாய்கள் மேல் படிந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான். மனைவி இறந்த பிறகு எல்லாக் காலையும் இதே காலைதான். வீடு மொத்தமும் அட்டைப்பெட்டிகளுக்குள் போய்விட்டது. சாப்பாட்டு மேசையில் மட்டும் அவனும் அவளும் ஆடிய யுத்தம் பாதியில் நின்றது.

"ஆட்டத்தை முடிச்சுட்டு எடுத்துடலாம். நீதான் நடுவர்." சிவப்புப் படையின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "இந்தச் சிவப்புப் பீரங்கி அந்த நீலத் தளபதியைச் சுடலாமா, கூடாதா?"

மைத்துனனுக்கு நிலம் அளக்கும் வேலை. மேசை ஓரத்தில் கிடந்த தையல் நூலை எடுத்து, பீரங்கியின் வாயிலிருந்து தளபதி வரை இழுத்துப் பிடித்தான். நடுவிலிருந்த தெர்மக்கோல் குன்றில் நூல் இடித்தது.

"கூடாது. குன்று மறைக்குது."

"நிஜ யுத்தத்துல பீரங்கி குன்றுக்குப் பின்னாலதான்டா நிக்கும். அதுக்கு எதிரி தெரியவே வேண்டாம். உயரத்துல இருந்து ஒருத்தன் பார்த்துச் சொன்னாப் போதும், குண்டு வளைஞ்சு போய் விழும். பாரு, அந்த அட்டை மணிக்கூண்டுல ஒரு சிவப்புச் சிப்பாய் நிக்கிறான்."

"நல்லாருக்கே! நூல் இடிச்சாச் சுடக் கூடாதுன்னு அக்கா உயிரை எடுத்தது யாரு? நீங்கதானே? மாமியார் உடைச்சா மண்குடம், மருமகள் உடைச்சாப் பொன்குடமா?"

அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. கல்யாணமான புதிதில், ஒரு மழைக்காலம் முழுக்க, இருவரும் பால்கனியில் உட்கார்ந்து இந்தச் சிப்பாய்களுக்கு வர்ணம் பூசினார்கள். குன்றைச் செதுக்கியது அவள். எதற்கு எது தெரிகிறது என்று பார்க்க இருவரும் ஒரே நேரத்தில் மேசைக்குக் குனிவார்கள். நெற்றி முட்டிக்கொள்ளும். அவள் திட்டுவாள். பிறகு வேண்டுமென்றே இன்னொரு தடவை முட்டுவாள்.

"அந்த விதி தப்பு," என்றான். "நிஜத்துல அப்படி இல்ல."

"இத்தனை நாள் கழிச்சு இப்பதான் தெரிஞ்சுதா?" மைத்துனனின் குரல் உடைந்தது. "எதிர்த்து வாதாட அக்கா இல்லைன்னதும் விதியையே மாத்துறீங்களா? செத்தவகிட்டயும் ஜெயிச்சே ஆகணுமா மாமா?"

அவன் தலை நிமிரவில்லை. "சுடலாமா, கூடாதா?"

தெருவில் லாரியின் ஹாரன் கேட்டது.

"சுடுங்க!" நூலை மேசைமேல் வீசினான் மைத்துனன். "நிஜ யுத்தம்னா நீங்க சொல்றதுதான் சரி. ஜெயிச்சுத் தொலைங்க."

அவன் நீலத் தளபதியை இரண்டு விரலால் பிடித்து, மெல்ல, படுக்கவைத்தான்.

"சந்தோஷமா? அக்காவைத் தோக்கடிச்சாச்சு."

"இல்லடா, ஜெயிச்சது அவதான்," என்றான் அவன். "நீலம் நான். சிவப்பு உங்க அக்கா."

சுடக் கூடாது, விதின்னா விதிதான் என்று அந்தக் கடைசிக் காலையில் அவன் நூலைப் பிடித்துக்கொண்டு அடம்பிடித்தபோது, அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் செருப்பை மாட்டியபடி வாசலிலிருந்து சொல்லிவிட்டுப் போனாள்: "சாயங்காலம் வந்து சுடுறேன். அதுவரைக்கும் உயிரோட இரு."