மணிக்கு முன் ஐந்து விரல்

‘இன்னும் அஞ்சு நிமிஷம்தான். சொல்லாம மணி அடிச்சா சின்னது மிரண்டுடுமே!’

சிறப்புக் குழந்தைகளின் வகுப்பில், மேஜைக்கு அடியில் ஒடுங்கியிருந்த சிறுமியின் எதிரே அவள் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ‘மணி அடிக்கப்போகுது’ என்று சொல்லி, ஐந்து விரல்களைக் காட்டி ஒவ்வொன்றாக மடக்கினாள். கடைசி விரல் மடங்கியதும் சிறுமி தானே காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வாசலில் நின்ற ஆய்வாளரம்மா அசந்துபோனார்.

“போற பள்ளிக்கூடமெல்லாம் சிறப்பாசிரியர் கிடைக்கலேன்னு புலம்பல்தான். உங்களுக்கு மட்டும் எப்படி சார் இவங்க ஆப்ட்டாங்க?”

“எல்லாம் எங்க அதிர்ஷ்டம்” என்று வழிந்த தலைமையாசிரியர், பதிவேட்டை அவளிடம் நீட்டினார். “சிறப்பாசிரியர்ங்கிற இடத்துல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா.”

“டீச்சர், மணிச் சத்தத்துக்குத்தான் இவ பயப்படறான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார் ஆய்வாளரம்மா.

“மணி அடிக்கிறப்பல்லாம் ஜன்னல்ல இவ முகம் தெரியும்மா. அடிக்கிறதே நான்தானே? நான் இங்க பியூன்.”

தலைமையாசிரியர் முகம் செத்துப்போயிற்று. “ரெண்டு வருஷமா ஒருத்தரும் வரலை மேடம்” என்றவர், அவள் பக்கம் திரும்பினார். “உங்களை விட யாரு வந்து கிழிக்கப்போறாங்க? போடுங்கம்மா.”

அவள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

“எனக்கு இவளோட இந்த ஒரு பயம்தான் சார் புரியும். மத்த ஏழு பிள்ளைங்களுக்கு அதுக்குன்னு படிச்சவங்க வேணும். நான் போட்டுட்டா, அவங்க வரவேண்டிய இடம் நிரம்பிடும்.”

பதிவேட்டை மூடித் தலைமையாசிரியர் கையிலேயே கொடுத்துவிட்டு, மணியடிக்கப் போனாள்.