போன வருஷம் மாத்தின பிளக்

"பிளக் தேஞ்சு போச்சு டீச்சர். இந்தத் தடவை வயரையும் சேர்த்து மாத்திடலாம்," என்றார் மெக்கானிக்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. "போன வருஷம்தானே மாத்தினீங்க? இருபதாயிரம் கிலோமீட்டர் தாங்கும்னு சொன்னீங்களே. யாருக்குக் காது குத்துறீங்க?"

மெக்கானிக் போன தடவை குறித்து வைத்திருந்த எண்ணையும் கார் மீட்டரையும் காட்டினார். ஒரே வருஷத்தில் இருபத்திரண்டாயிரம் ஓடியிருந்தது!

அவள் பள்ளிக்கூடம் போவது பஸ்ஸில். கணவனோ வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன்.

"வண்டி எங்கேங்க இவ்வளவு ஓடுச்சு?" என்று சாயங்காலம் கேட்டாள்.

"மீட்டர் கோளாறா இருக்கும். பிளக்கை மாத்தினா சரியாயிடும்," என்றான், முகத்தைப் பார்க்காமல்.

பிளக்கை மாற்றினால் மீட்டர் சரியாகுமா? எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, வாடகைக் காரில் அவனைப் பின்தொடர்ந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய பிறகு அவன் கார் ஒரு வீட்டு வாசலில் நின்றது. அது அவள் பிறந்த வீடு. இவனைக் கட்டிக்கொண்டதற்காக, 'நீ என் மகளே இல்லை' என்று அப்பா கதவைச் சாத்திப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

கணவன் கைத்தாங்கலாக அப்பாவை அழைத்து வந்தான். ஆள் பாதியாகியிருந்தார்.

"மெதுவா வாங்க மாமா. டயாலிசிஸுக்கு இன்னும் நேரமிருக்கு."

அப்போதுதான் அப்பா மகளைப் பார்த்தார். "அவகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சொன்னேனே மாப்பிள்ளை!"

டீச்சர் ஓடிப்போய் அப்பாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.