இளவெயிலில் நின்றவர்

அஸ்தம்பட்டியில் கல்யாண வீடியோ எடிட் செய்வது என் வேலை. மேகத்துக்கு முகூர்த்தம் தெரியாது. நாமக்கல் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்த கல்யாணத்தில், வெயிலடித்த ஷாட்டில் பட்டுப்புடவை சிவப்பு, மேகம் மூடிய அடுத்ததில் பழுப்பு. எல்லாவற்றையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

பந்தல்கால் ஓரம் கைகூப்பி நின்ற ஒருவர் மட்டும் ஒத்துவரவில்லை. மேகம் மூடிய ஷாட்டிலும், உச்சிவெயில் ஷாட்டிலும் அவர்மேல் இளவெயில்தான் விழுந்திருந்தது. மற்றவர்களின் நிறத்தைச் சரிசெய்தால் அவர் மஞ்சளாகத் தெரிந்தார். அவரை வெட்டிவிடலாமா என்று கேட்க மணப்பெண்ணின் அம்மா பாவாயியை வரவழைத்தேன்.

பாவாயி திரைக்கு அருகில் குனிந்து பார்த்தார்.

"எங்க ஊட்டுக்காரருங்க சாமி. போன வருசம் வெடியக்காலையில கோழிப்பண்ணைக்குப் போனவரு, அங்கயே சாஞ்சுட்டாரு. எந்திரிக்கவே இல்லீங்க."

"எல்லா ஷாட்லயும் நின்னுட்டே இருக்காருங்களே" என்றேன்.

"பொண்ணப் பெத்தவரு உக்காருவாருங்களா? வந்தவங்கல்லாம் சாப்பிட்டாத்தானுங்க அவரு எலைக்கு உக்காருவாரு."

வெட்டவில்லை. அவரை மற்றவர்களோடு சேர்ப்பதை விட்டுவிட்டு, எல்லோரையும் அவருடைய வெயிலுக்குக் கொண்டுவந்தேன். மாப்பிள்ளை, மணப்பெண், சமையல்காரர் எல்லோர்மேலும் இளவெயில் அடித்தது.

பாவாயியை மறுபடி அழைத்து முதலிலிருந்து ஓட்டினேன். கடைசிப் பந்தி வந்தபோது பந்தல்கால் ஓரம் யாருமில்லை. வரிசையின் கோடியில் அவர் உட்கார்ந்து, இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

என் கை மவுஸுக்குப் போனது. பாவாயி அதைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தீராதீங்க சாமி. சாப்பிட்டு முடிக்கட்டும்."