அரைச் சுற்று

ஐந்தரைக்கு எழுந்தான் ஜினதாஸ். மோட்டார் போட்டான். பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தான். குளித்தான். குழாயைச் சொட்டு விழாதபடி மூடினான். அலமாரியில் இருந்த நீல நிறத் தண்ணீர் பாட்டிலைத் துடைத்து, திறக்காமல், அதே இடத்தில் வைத்தான்.

ஏழு மாதமாக எல்லாக் காலையும் இப்படித்தான்.

பிறகு மனைவி நிரஞ்சனாவின் கணினி முன்னால் உட்கார்ந்தான். நெஞ்சு படபடத்தது. ஏழு மாதத்தில் படபடத்தது இந்த ஒரு வாரமாகத்தான்.

அவள் பட்டுச் சேலைகளுக்கு டிசைன் வரைந்தவள். கடைசியாக வரைந்த கரை துண்டு துண்டாக உள்ளே கிடந்தது. முழுச் சேலையாகச் சேர்க்கப் போனால் கணினி உறைந்துவிடும். புது ப்ராசசர் கேட்டிருந்தாள். அதுவரை துண்டுகளைத் திறந்து பார்க்கக் கூடாது என்று அவனுக்குக் கண்டிப்பான உத்தரவு. அவன் பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை.

போன ஞாயிறு ப்ராசசரை மாற்றினான். துண்டுகள் சேரத் தொடங்கின. பாதியில் கணினி நின்று நீலத் திரை.

மறுபடி. மறுபடியும் நீலத் திரை.

மெமரியைச் சோதிக்கும் நிரலை ஓட விட்டான். பத்தாவது நிமிடத்தில் சிவப்பு வரிகள் கொட்டின. மெமரி அட்டைகளான ராம் இரண்டையும் கழற்றி இடம் மாற்றினான். வேகத்தைக் குறைத்தான். பயாஸைப் புதுப்பித்தான். ப்ராசசரைத் தூக்கி, கீழே இருக்கும் ஊசிகளைப் பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தான். எதுவும் வளையவில்லை.

நேற்று ஒன்று பிடிபட்டது. எந்த ராமைப் போட்டாலும் ஒரே பக்கத்து ஸ்லாட்டில்தான் பிழை. ஆக, ராம் நல்ல ராம்தான். எங்கேயோ தொடர்பு விட்டுப்போகிறது. எங்கே?

இன்று சனிக்கிழமை. கணினி டிசைனை அப்படியே நெய்யும் ஜக்கார்டு பூட்டிய தறி வைத்திருக்கும் சிட்டிபாபு பதினோரு மணிவரை கெடு கொடுத்திருந்தார். அதற்குள் நிரஞ்சனாவின் டிசைன் வராவிட்டால் தறியில் வேறு டிசைன் ஏறிவிடும். அப்புறம் தீபாவளி கழித்துத்தான்.

அடுக்களையிலிருந்து நிரஞ்சனாவின் அம்மா மதனவதி ஒரு டப்பாவோடு வந்து நின்றார்.

"மாப்ள, இது சக்கரை டப்பாவா, பேங்க் லாக்கரா? வெல்டிங் கடைக்கா எடுத்துக்கினு போவ சொல்றீங்க?"

ஜினதாஸ் வாங்கித் திறந்தான். அவனுக்கே இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. இறுக்கம் போதாத நட்டுகளைக் கண்டுபிடிப்பது. எதைத் தொட்டாலும் கடைசியாக ஒரு சுற்று கூடுதலாகத் திருகுவது கையோடு வந்துவிட்டது.

மூடி கையிலேயே இருந்தது. பார்வை கணினிக்குள் போனது.

ப்ராசசரின் தலைமேல் அதன் சூட்டைத் தணிக்கும் கூலர். அதன் நான்கு மூலையிலும் நான்கு திருகாணிகள்.

அவன் இறுக்கிய திருகாணிகள்.

அந்த அழுத்தத்தில் அடியில் இருக்கும் மதர்போர்டுப் பலகையே வளைந்திருக்கும். ஒரு மயிரிழை போதும், ஓர் ஓரத்து ஊசிகள் ப்ராசசரைத் தொடாமல் போக.

ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தான். மூலைக்கு மூலை மாறி மாறி, அரைச் சுற்று தளர்த்தினான். அதற்கு மேல் வேண்டாம். மறுபடி சோதனையை ஓட விட்டான்.

ஐந்து நிமிடம். பிழை இல்லை.

பத்து. எழுந்து நின்றான்.

பதினைந்து. மதனவதி கொண்டுவந்த காபி ஆறி ஆடை கட்டியது.

ஐம்பத்திரண்டாவது நிமிடம் முதல் சுற்று முடிந்தது. பிழைகள்: பூஜ்யம்.

"அத்தை!" என்று கத்தினான். அவர் பதறி ஓடி வந்தார். அந்த வீட்டில் யாரும் கத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது.

துண்டுகளைச் சேர்க்கக் கொடுத்தான். முப்பது சதவீதம். ஐம்பது. வழக்கமாகச் சாகும் இடம். தாண்டியது. எண்பது. நூறு.

அரக்குச் சிவப்பில் ஒரு முழுச் சேலை திரையில் விரிந்தது. கரை நெடுக ஜரிகை நிறத்தில் சின்னச் சின்ன உருவங்கள்.

மதனவதி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "இன்னா பூ மாப்ள இது? ஆறு மூலையா இருக்குது. நடுவுல ஓட்டை வேற."

"பூ இல்ல அத்தை. நட்டு."

"நட்டா? பட்டுல நட்டு போட்டவள இப்பத்தான் பாக்கறேன்!"

அவன் சிரித்தான். சத்தமாக, வயிறு வலிக்க, திரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவரும் சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாசலில் சிட்டிபாபு பைக்கை அணைக்காமலே ஹார்ன் அடித்தார். மணி பத்து ஐம்பது. ஜினதாஸ் டிசைனை ஏற்றிய பென் டிரைவைக் கொண்டுபோய் அவர் சட்டைப் பையிலேயே போட்டுவிட்டு வந்தான்.

மதனவதி இன்னும் திரை முன்னால் நின்றிருந்தார். "இம்மாம் வேலய வச்சிக்கினு, கடைசியா எங்கம்மாவ பாத்துக்கோன்னு என்னப் பத்திதானே சொல்லிட்டுப் போனா."

அவன் தலையசைத்தான். கடைசியாக என்ன சொன்னாள் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சுற்றி நின்ற எல்லோரும் கேட்டார்கள். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. சொன்னான். அதை நம்பித்தான் அவர் இந்த வீட்டுக்கு வந்தார். அவர் வந்ததால்தான் இங்கே அடுப்பு எரிகிறது.

ஏழு மாதம் முன்பு, ஆபரேஷன் தியேட்டர் கதவருகே ஸ்ட்ரெச்சர் ஒரு நொடி நின்றது. அவள் குடித்துவிட்டுக் கொடுத்த நீல பாட்டிலை அவன் மூடிக்கொண்டிருந்தான். நிரஞ்சனா தலையைத் திருப்பி அவன் கையைப் பார்த்தாள்.

"ரொம்ப இறுக்காதப்பா. வந்து நான்தானே தொறக்கணும்."